நாய்க் காட்சியும் நாட்டு ஜாதி நாய்களும்

கால்நடைக் காட்சி என்றால் என்னவென்று நமது குடியானவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. கண்ணபுரம் மாரியம்மன் திருவிழாவையொட்டிக் கூடும் காங்கேயம் மாட்டுச் சந்தையில் ஒரு காளையை நிறுத்தினால், அதன் திமில், கொம்பு, கால், குளம்பு, நடை ஆகியவற்றைப் பற்றி அருகில் நிற்கும் சிறுவனும் ஓர் அபிப்பிராயம் சொல்லுவான். நல்ல பொலிகாளை ஊருக்கே செல்வம் என்பதையும், கெட்ட பொலிகாளையின் தோஷம் பல தலைமுறைகளுக்கு நிற்கும் என்பதையும் அவர்கள் அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள். ஆனால் நாய்க் காட்சி என்ற பேச்சு எழுந்தவுடனே, "அது பட்டணத்துத் தனவந்தர்களின் பொழுதுபோக்கு, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று பெரும்பாலோர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

இவ்வெண்ணம் சரியன்று. நாய்க் காட்சி என்பது, எந்தக் கடுவனும் எந்தப் பெட்டையும் அடுத்த தலைமுறையைப் பெறுவதற்குத் தகுதியானவை என்று பலர் முன்னிலையில் தேர்ந்து பார்க்கும் ஒரு பரீட்சையாகும். பரீட்சை ஒழுங்காக நடந்தால் ஜாதி விருத்தியடையும். ஒழுங்கின்றி நடந்தால், பரிசுக் கோப்பைகள் பெருகப் பெருக ஜாதி க்ஷீணித்துப் போகும். தென் ஜில்லாக்களின் நாட்டு ஜாதி நாய்கள் இன்று இவ்விரண்டு வழிகளும் பிரியும் இடத்தில் நிற்கின்றன. ஆதலால், அந்த நாய்கள் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த தோட்டங்களுக்கும் களங்களுக்கும் சொந்தக்காரர்களான நிலச்சுவான்தார்களே இதில் பிரவேசிக்க வேண்டும் என்பதும், பிரவேசிப்போர் எதைப் பார்த்துப் பரிசளிக்க வேண்டுமென்பதில் தெளிவுடன் இருத்தல் வேண்டும் என்பதும் இங்கே வலியுறுத்தப்படுகின்றன.

மாட்டுக் காட்சியின் உடன்பிறப்பு:—

நாய்க் காட்சி கால்நடைக் காட்சியின் அருகிலேயே பிறந்தது. இங்கிலாந்தில் நியூகாஸில் நகரில் 1859-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஆண்டுதோறும் நடக்கும் கால்நடைக் காட்சியோடு சேர்த்து முதல் நாய்க் காட்சி நடத்தப்பட்டது. பாயிண்டர், செட்டர் என்னும் இரண்டு வகை வேட்டை நாய்கள் மட்டுமே அங்கே சேர்த்துக் கொள்ளப்பட்டன. பரிசாகத் துப்பாக்கிகள் கொடுக்கப்பட்டன. பாயிண்டர்களுக்கு நடுவராக இருந்தவரின் நாய் செட்டர்களில் முதற்பரிசையும், செட்டர்களுக்கு நடுவராக இருந்தவரின் நாய் பாயிண்டர்களில் முதற்பரிசையும் பெற்றன என்பதை நோக்குமிடத்து, நடுவர்களைப் பற்றிய முணுமுணுப்பும் காட்சியுடன் கூடவே பிறந்தது என்று கொள்ளலாம். இத்தகைய குழப்பங்களை ஒழுங்குபடுத்தும் பொருட்டு 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் என்னும் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. பின்னர் உலகப் புகழ்பெற்ற கிரப்ட்ஸ் காட்சி 1891-இல் தொடங்கியபோது அது கூடியதும் லண்டனிலிருந்த ராயல் அக்ரிகல்சுரல் ஹால் என்னும் விவசாயக் காட்சி மண்டபத்திலேயாம்.

நம் தேசத்தில் இவ்விஷயத்தைக் கவனித்துவரும் கென்னல் கிளப் ஆப் இந்தியா என்னும் சங்கத்தின் தலைமை ஸ்தலம் சென்னையிலேயே இருக்கிறது. அதனுடன் இணைந்த சங்கங்கள் சென்னை, உதகை, கொடைக்கானல், கோயம்புத்தூர், சேலம், மதுரை முதலிய ஊர்களில் காட்சிகள் நடத்தி வந்துள்ளன. எனவே, இது தூரதேசத்து விஷயம் அன்று. பஸ் ஏறிச் சென்று பார்க்கக்கூடிய தூரத்திலுள்ள விஷயமேயாம்.

வேலையிழந்த நாய்கள்:—

தமிழ் நாட்டுக்கு உரியவையாகச் சொல்லப்படும் நாய் ஜாதிகளுள் நான்கு முக்கியமானவை. இராஜபாளையம் நாய் உயர்ந்த கால்களும் ஆழ்ந்த மார்பும் உடைய வெண்ணிற நாய். தோட்டக் காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் பெயர் போனது. சிப்பிப்பாறை நாய் ஒல்லியான உடலும் நீண்ட முகமும் கொண்டு, கண்ணால் கண்ட இரையைக் காற்றாய்த் துரத்திப் பிடிப்பது. கன்னி நாய் அதனை ஒத்த உருவமுடையது. கருநிற மேனியில் கால்களிலும் முகத்திலும் பழுப்புக் கலந்திருக்கும். மணப்பெண்ணுக்குச் சீராக இதைக் கொடுக்கும் வழக்கத்தால் அப்பெயர் வந்ததென்பர். கோம்பை நாய் தேனி ஜில்லாவைச் சேர்ந்த கோம்பை என்னும் ஊரின் பெயரால் வழங்குவது. செவலை நிறமும் கருமுகமும் கட்டான உடலும் உடையது.

இந்த நாய்களை உருவாக்கியவர்கள் பிரபுக்களும் குடியானவர்களுமேயன்றிச் சங்கங்கள் அல்ல. வேகமாக ஓடியது, நோயின்றி நின்றது, எஜமானனை அறிந்தது, அந்நியனைத் தடுத்தது ஆகியவற்றை வைத்துக்கொண்டார்கள், மற்றவற்றைக் கழித்தார்கள். வேலையே அந்நாளில் நடுவராக இருந்தது.

அந்த நடுவர் இப்பொழுது இல்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், முயலையோ காட்டுப்பன்றியையோ நாயை விட்டுப் பிடிப்பது குற்றம். அச்சட்டம் அவசியமானதே, அதைப் பற்றி முறையிடுவதில் பயனில்லை. "நாயின் ஓட்டத்தைச் சோதித்துப் பார்க்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு இரவில் முயல் வேட்டைக்குச் செல்வோர் தங்களுக்கும் கேடு தேடிக்கொள்கிறார்கள், ஜாதிக்கும் கெட்ட பெயரைத் தேடித் தருகிறார்கள். ஆயினும் வேலை போன பிறகு ஒரு ஜாதியைத் தாங்கி நிற்கும் தூண் யாது என்ற கேள்வி மிஞ்சுகிறது. தோட்டக் காவல் ஒன்று. மற்றொன்று, நாயை நாய்க்காகவே விரும்பி, வம்சம் அறிந்து வளர்த்துக் காட்சியில் நிறுத்தும் ஆர்வம்.

நல்ல காலமாக, இந்நாய்களின்பால் தேசத்தின் கவனம் திரும்பியிருக்கிறது. 1980-களில் சென்னை சைதாப்பேட்டையில் கால்நடை பராமரிப்புத் துறையார் நாட்டு நாய்களுக்கென ஒரு விருத்திப் பண்ணையை நடத்தினார்கள். 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய தபால் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால் தலைகளில் இராஜபாளையமும் ஒன்று. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரதம மந்திரி தம் வானொலி உரையில் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய பெயர்களை எடுத்துச் சொல்லி, நாட்டு நாய்களை வளர்க்கும்படி கேட்டுக்கொண்டார். கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் முதன்முதலாக நாய் ஜாதிகளைப் பதிவு செய்தபோது இராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய மூன்றையும் ஏற்றது.

கவனம் திரும்பினால் விலை ஏறும். விலை ஏறினால் அவசரம் பிறக்கும். இங்கேதான் ஆபத்து இருக்கிறது.

வெண்மையும் செவியும்:—

இராஜபாளையம் நாயில் பால்வெண்மையும் சிவந்த மூக்கும் மிகவும் விரும்பப்படுகின்றன. புள்ளி விழுந்த குட்டியும் நிறமுள்ள குட்டியும் இந்த ஜாதியில் பிறப்பதுண்டு. பழைய வழக்கத்தில் அவற்றை ஈற்றிலேயே கழித்து விடுவார்கள். நிறம் ஒன்றையே நோக்கி இவ்வாறு தேர்ந்தெடுத்து வந்ததன் பலனாக மற்றொன்றும் கூடவே வந்து சேர்ந்தது. பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் இந்த ஜாதியில் தோன்றுவதை அதை வளர்ப்போர் பலரும் அறிவர். ஆயினும் விற்கும்போது வெளியே சொல்லுவோர் சிலரே.

இதன் காரணத்தைச் சாஸ்திரம் விளக்குகிறது. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் அணுக்களே உட்செவியிலும் ஒரு வேலை செய்கின்றன. அவை உட்செவியில் இல்லாது போனால், ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள், குட்டி பிறந்த சில வாரங்களுக்குள்ளாகவே அழிந்துவிடும். அழிந்தவை திரும்ப முளைப்பதில்லை. வெண்மை எல்லாம் ஒரே வகையானதன்று. வேறு காரணத்தால் வெள்ளையாயிருக்கும் சில ஜாதிகளில் செவிட்டுத்தன்மை காணப்படுவதில்லை. ஆனால் நிறம் தரும் அணுக்களே குறைந்துபோவதால் வரும் வெண்மையில் இந்த அபாயம் உண்டு. அமெரிக்காவில் டால்மேஷியன் என்னும் வெள்ளைப் புள்ளி நாய்களைச் சோதித்தபோது, 100-க்கு ஏறக்குறைய 30 நாய்களுக்கு ஒரு காதாவது இரு காதுமாவது கேட்கவில்லை என்று கண்டார்கள். அங்கே சோதித்து எண்ணினார்கள்; எண்ணியதனால் எந்த நாயை விலக்குவதென்று தெரிந்தது. நாமும் எண்ணத் தொடங்க வேண்டும்.

காவல் நாய்க்குக் காது கேளாவிட்டால் அதன் காவல் என்னவாகும்? தோட்டத்து வேலிக்கு அப்பால் சருகு நொறுங்கும் சப்தத்தில் எழுந்து நிற்க வேண்டிய நாய், வாசலில் லாரி வந்து நின்றாலும் உறங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்பத் தொட்டவரைத் திடுக்கிட்டுக் கடிக்கவும் கூடும். அத்தகைய நாய் பால்வெண்மைக்காகக் காட்சியில் முதற்பரிசு பெற்று, அப்பரிசின் பெயரால் ஐம்பது பெட்டைகளுக்குப் பொலியாக விடப்படுமானால், அந்தக் காட்சி ஜாதிக்குச் செய்தது உபகாரமா, அபகாரமா?

நமது பெரியோர்கள் மாடு வாங்கும்போது சுழி பார்ப்பார்கள். உழைப்பிலும் கறவையிலும் சிறந்த மாட்டைச் சுழி கெட்டது என்று தள்ளிவிட்டு, சுழி நன்றாயிருந்த சோதா மாட்டை ஓட்டிவந்து வருந்தினவர்கள் உண்டு. மாட்டுக்குச் சுழி எப்படியோ, இராஜபாளையம் நாய்க்குச் சிவந்த மூக்கும் அப்படியே. அழகுக்கு அது இருக்கலாம். தேர்வுக்கு அதுவே தலைமையாக இருத்தல் கூடாது.

பிற தேசத்தார் கற்ற பாடம்:—

காட்சியால் கேடு வருமென்பது வெறும் ஊகம் அன்று. காட்சிகளின் தாய்நாடான இங்கிலாந்திலேயே, தட்டையான முகத்தையும் தளர்ந்த தோலையும் ஆண்டுக்காண்டு மிகைப்படுத்திப் பரிசளித்து வந்ததனால், மூச்சு விடவே திணறும் நாய்கள் பெருகின. 2008-ஆம் ஆண்டில் பி.பி.சி. வெளியிட்ட ஒரு படம் இதை வெட்டவெளிச்சமாக்கியது. மறு ஆண்டு கிரப்ட்ஸ் காட்சியை ஒளிபரப்பாமல் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. பின்னர் அங்குள்ள கென்னல் கிளப், தாய்க்கும் மகனுக்கும், தந்தைக்கும் மகளுக்கும், உடன்பிறந்தவற்றுக்கும் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்ய மறுத்தது. 2012-இல் கிரப்ட்ஸ் காட்சியில் சில ஜாதிகளின் வெற்றி நாய்களைக் கால்நடை வைத்தியர்கள் பரிசோதித்தபோது, புல்டாக், பெக்கினீஸ் முதலிய ஆறு ஜாதிகளின் வெற்றி நாய்கள் தேறாமல் மேற்போட்டிக்கு அனுப்பப்படாது நின்றன. பெரிய எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் நல்ல வழி திறந்தது.

அவர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் கற்ற பாடத்தை நாம் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்ளலாம். நமது நாய்களின் உருவம் இன்னும் கெடவில்லை. ஓடுவதற்கேற்ற கால், மூச்சுக்கேற்ற மார்பு, நமது வெயிலுக்கேற்ற குட்டை மயிர் ஆகிய மூன்றும் பழுதின்றி இருக்கின்றன. இவற்றைக் காப்பதே வேலை. புதிதாக எதையும் உண்டாக்க வேண்டுவதில்லை.

தொடங்கும் முறை:—

காட்சியில் ஆர்வம் கொள்ளும் குடியானவர் முதலில் நாயை வாங்குதல் கூடாது. முதலில் இரண்டு மூன்று காட்சிகளுக்குச் சென்று, நாட்டு ஜாதிகள் நிறுத்தப்படும் களத்தருகில் இருந்து பார்க்க வேண்டும். நடுவர் எந்த வரிசையில் நாயைச் சோதிக்கிறார், நாயை எப்படி நிறுத்துகிறார்கள், எப்படி நடத்துகிறார்கள், வென்றது ஏன், தோற்றது ஏன் என்று மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். வளர்ப்போரிடம் பேச வேண்டுமானால், அவர்கள் நாய் களத்தைவிட்டு வந்த பிறகு பேசுவதே மரியாதை.

அடுத்தது ஜாதியைத் தேர்தல். கண்ணுக்கு அழகாயிருக்கிறதென்று பனி தேசத்து நாய்களை வாங்கி, சித்திரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே கட்டி வைப்பது ஜீவகாருண்யம் அன்று. காவல் வேண்டுவோருக்கு இராஜபாளையமும் கோம்பையும், ஓட்டத்தில் விருப்பமுடையோருக்குச் சிப்பிப்பாறையும் கன்னியும் ஏற்றவை. ஓடும் ஜாதி நாயைச் சங்கிலியில் கட்டியே வைத்தல் கூடாது. வேலியிட்ட இடத்தில் தினமும் தாராளமாக ஓடவிட வேண்டும்.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்:—

(1) தாயைக் கண்ணால் பார்க்காமல் குட்டி வாங்குதல் கூடாது. தந்தையையும் பார்ப்பது உத்தமம். தாய் அஞ்சி நடுங்குவதாகவோ காரணமின்றிப் பாய்வதாகவோ இருந்தால், அந்த ஈற்றை விட்டுவிட வேண்டும்.

(2) எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயினின்றும் பிரித்தல் கூடாது. 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி, அவ்வாறு விற்பதும் குற்றமாகும்.

(3) குட்டியைத் தனியாகப் பிரித்து, அது பாராத பக்கத்தில் நின்று சாவிக் கொத்தைக் குலுக்கிப் பார்க்க வேண்டும். கைதட்டினால் காற்றின் அசைவை உணர்ந்து திரும்பக்கூடும். தரையில் காலை உதைத்தால் அதிர்வை உணரக்கூடும். ஆதலால் இரண்டும் கூடா. கூட்டத்தில் இருக்கும்போது சோதித்தாலும் மற்ற குட்டிகளைப் பார்த்துத் திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இவ்வழியில் கண்டுகொள்ள முடியாது. ஒலிக்கு மூளையில் எழும் மின்னலைகளைக் கருவியால் பதிவு செய்யும் சோதனை ஒன்றே அதற்கு நிச்சயமானது. அவ்வசதி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் கிடைக்குமா என்று விசாரித்துக் கொள்ள வேண்டும்.

(4) பல், தாடை, கண், வயிறு, கால் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குட்டிக்கு 28 பாற்பற்களும் வளர்ந்த நாய்க்கு 42 பற்களும் உண்டு. வாயை மூடும்போது மேல் முன்பற்கள் கீழ்ப் பற்களைத் தொட்டும் தொடாமலும் முன்னால் மூட வேண்டும்.

(5) வாலையோ காதையோ வெட்டிய குட்டியை வாங்குதல் கூடாது. நாட்டு வேட்டை நாய்களின் காதை வெட்டும் வழக்கம் முன்பு இருந்தது. இப்போது நோய்க்குச் சிகிச்சையாக அன்றி இதைச் செய்வதை விதிகள் தடுக்கின்றன. நாயின் காது அதன் ஆபரணம். கழித்துவிட வேண்டிய உறுப்பன்று.

(6) வம்சாவளிப் பத்திரம் கேட்டு வாங்க வேண்டும். கென்னல் கிளப்பில் பதிவாகாத நாய் அதன் காட்சிகளில் போட்டியிட இயலாது. தாய் தந்தைக்குப் பதிவு உண்டா, ஈற்று பதிவாகியிருக்கிறதா, நாயின் உடலில் செலுத்திய அடையாளச் சில்லின் எண் பத்திரத்தோடு பொருந்துகிறதா என்று பணம் கொடுக்கும் முன்னரே பார்க்க வேண்டும். பரம்பரையாகக் கிராமத்தில் வளர்ந்து பத்திரமில்லாத நல்ல நாட்டு நாய் வைத்திருப்போர், அதைப் பதிவேட்டில் ஏற்றும் வழி என்னவென்று அருகிலுள்ள நாய்ச் சங்கத்தாரிடம் கேட்டறிவது நலம். இப்படிப்பட்ட நாய்களில்தான் புதிய இரத்தம் இருக்கிறது. அவை பதிவின்றி மறைந்து போனால் ஜாதிக்கே நஷ்டம்.

வளர்ப்பும் பயிற்சியும்:—

கம்பங்கஞ்சியும் மோரும் மட்டுமே ஊற்றி வளர்த்த காலம் போய்விட்டது. வளரும் குட்டிக்கு முட்டை, இறைச்சி, மீன், பருப்பு முதலியவற்றால் புரதச் சத்து கிடைக்க வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு விஷம். குடற்புழு நீக்க மருந்து இரண்டு அல்லது மூன்று வார வயது முதற்கொண்டு மருத்துவர் சொற்படி கொடுத்து வர வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்குத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, பதினாறாம் வாரம் வரையில் முறையாகப் போட வேண்டும். வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி மூன்று மாத வயதில் தொடங்கிக் காலந்தவறாது தொடர வேண்டும். இதில் அசட்டை செய்பவர் தம் குடும்பத்தையும் ஊராரையும் பணயம் வைக்கிறார். உண்ணியால் வரும் காய்ச்சல் நமது நாட்டில் பல நல்ல நாய்களைக் கொண்டு போயிருக்கிறது. ஆதலால் நாய்க் கொட்டிலையும் மாட்டுக் கொட்டகையையும் ஒருங்கே சுத்தம் செய்து உண்ணியை ஒழிக்க வேண்டும்.

நாட்டு ஜாதி நாய்கள் களத்தில் தோற்பது பெரும்பாலும் உருவத்தினால் அன்று; கூச்சத்தினால் ஆகும். இராஜபாளையம் நாய் அந்நியர் தொடுவதை விரும்பாது. ஆனால் நடுவர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், முதுகையும் தொடையையும் தடவிப் பார்ப்பார், கடுவனாயின் இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்றும் தொட்டுப் பார்ப்பார். இதற்குக் குட்டியைப் பழக்கும் காலம் ஏறக்குறைய மூன்று வாரம் முதல் பதினான்கு வாரம் வரை. தடுப்பூசி முடியும் வரையில் குட்டியைத் தரையில் விடாமல் கையில் ஏந்திக்கொண்டு கடைத்தெரு, பேருந்து நிலையம், கோயில் திருவிழா ஆகியவற்றைத் தூரத்திலிருந்தே காட்டிவர வேண்டும். வீட்டுக்கு வரும் உறவினர் ஒவ்வொருவரும் குட்டியின் வாயையும் காதையும் காலையும் மெதுவாகத் தொட்டுப் பார்க்கட்டும். அதட்டியோ அடித்தோ பழக்கிய நாய் களத்தில் வாலை இடுக்கிக்கொள்ளும்.

பின்னர், மெல்லிய வாரில் இடப்பக்கம் நடந்து பழக்குதல், சீரான பெருநடையில் வட்டமாகவும் நேராகவும் செல்லப் பழக்குதல், நான்கு கால்களும் சதுரமாக ஊன்றி அசையாமல் நிற்கப் பழக்குதல் ஆகிய மூன்றும் போதும். தினம் பத்து நிமிஷம் செய்தால் நிரம்ப ஆகும். குட்டை மயிர் நாயானபடியால் அலங்காரத்துக்குச் செலவில்லை. குளிப்பாட்டித் துவட்டி, நகத்தை வெட்டி, காதைத் துடைத்தால் சரி. வெள்ளை நாய்க்கு மாவு தடவி மறைக்கும் தந்திரங்கள் குடியானவருக்கு வேண்டா.

வயதை அனுசரித்துக் குட்டிகளுக்கும் இளநாய்களுக்கும் வளர்ந்தவற்றுக்கும் தனித்தனி வகுப்புகள் உண்டு. இந்தியாவில் பிறந்தவற்றுக்கென்றே ஒரு வகுப்பும் உண்டு. காட்சி நாளன்று விடியலில் புறப்பட்டு, நிழலான இடம் பிடித்து, குடிநீரையும் வீட்டுப் பாத்திரத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும். களத்தில் நுழையும் முன் வயிறு நிறைய உணவளித்தல் கூடாது. தீர்ப்பு எப்படியாயினும் நடுவருக்கு வணக்கம் சொல்லி வெளிவர வேண்டும். ஒரு நடுவரின் தீர்ப்பு அன்றைய அபிப்பிராயமே. பல நடுவர்கள் பல இடங்களில் சொல்வதே நாயின் தரம். வெவ்வேறு நடுவர்களிடம் பலமுறை வென்ற நாய்க்கே சாம்பியன் பட்டம் அளிக்கும் விதியின் கருத்தும் இதுவே.

இணை சேர்த்தலில் நிதானம்:—

பரிசு பெற்ற நாயின் சொந்தக்காரருக்கு வரும் முதற்சோதனை, அதைப் பொலியாக விட்டுப் பணம் சேர்க்கும் ஆசை. ஒரு தாலுகாவிலுள்ள பெட்டைகள் எல்லாம் ஒரே கடுவனிடம் வந்தால், இரண்டாம் தலைமுறையில் குட்டிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று உறவாகிவிடும். உடன்பிறந்தவற்றைச் சேர்த்தால் உண்டாகும் இரத்த நெருக்கம் 100-க்கு 25. தந்தை ஒன்றாய்த் தாய் வேறான இரண்டைச் சேர்த்தால் 12.5, தந்தை வழியிலோ தாய் வழியிலோ ஒன்றுவிட்ட உறவைச் சேர்த்தால் 6.25. நெருக்கம் ஏற ஏற, மறைந்து கிடந்த தோஷங்கள் வெளிப்படும். ஈற்றில் குட்டிகள் குறையும். நோயைத் தாங்கும் சக்தி குன்றும். ஏற்கெனவே எண்ணிக்கையில் சிறிதான ஜாதியில் இது சீக்கிரத்தில் நேரும். எனவே, ஒவ்வொருவரும் ஈற்றுக் கணக்கு எழுதிவைத்தல் அவசியம். தாய், தந்தை, பிறந்த தேதி, குட்டிகளின் தொகை, நிறம், காது கேட்டவை, கேளாதவை, இறந்தவை என்று ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் எழுதினாலே போதும்.

பெட்டைக்குப் பதினெட்டு மாதம் நிறையுமுன் இணை சேர்த்தல் கூடாது. இதுவும் மேற்கூறிய விதிகளில் உள்ளது. விற்பனைக்காகக் குட்டி எடுப்போர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். காது கேளாத குட்டி பிறந்தால் அதைக் கொல்வதும், மறைத்து விற்பதும் ஒருங்கே பாவம். கருத்தடை செய்து, வேலிக்குள் வைத்து, கைச்சைகையால் பழக்கினால் அது வீட்டில் நன்றாகவே வாழும். அதனை ஈன்ற இணையை மட்டும் மறுபடியும் சேர்த்தல் கூடாது.

செய்யத் தக்கவை:—

காட்சி நடத்துவோர் நாட்டு ஜாதிகளைப் பொறுத்தவரை மூன்று காரியங்களை மேற்கொள்ளுதல் நலம். முதலாவது, வெள்ளை நாய்கள் களத்துக்கு வருமுன் இரண்டு காதும் கேட்கும் என்பதற்கு மருத்துவரின் சான்று கேட்டல். இரண்டாவது, மூக்கின் நிறத்தைக் காட்டிலும் நடை, மார்பு, கால், குணம் ஆகியவற்றுக்கு அதிக மதிப்பளித்தல். நிறமுள்ள நாயும் மற்ற அங்கங்களில் சிறந்திருந்தால் அதைத் தள்ளாதிருத்தல். மூன்றாவது, பத்திரமில்லாத கிராமத்து நாய்களை நேரில் பார்த்துப் பதிவு செய்யும் முகாம்களை அந்தந்த ஜில்லாக்களிலேயே நடத்துதல்.

கிராம அதிகாரிகளும் உதவலாம். ஊராட்சிகளில் நடக்கும் கால்நடை முகாம்களிலும் கன்றுக் காட்சிகளிலும் நாட்டு நாய்களுக்கு ஒரு வகுப்பைச் சேர்க்கச் சொல்லலாம். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சீட்டு இல்லாத நாயை அதில் அனுமதியாதிருந்தால், ஒரே காரியத்தில் இரண்டு பலன் கிடைக்கும். நாய் வேட்டையைத் தடுப்பதும், வேண்டாத குட்டிகளைச் சாலையில் விடுவோருக்குப் புத்தி சொல்வதும் அவர்களால் ஆகக்கூடியவை.

இதில் லாபம் உண்டா என்று கேட்போருக்கு நேர்மையான விடை, பெரும்பாலோர்க்கு இல்லை என்பதே. தீவனம், மருந்து, பிரயாணம், பதிவுக் கட்டணம் ஆகியவற்றைக் கூட்டினால் செலவே மிஞ்சும். பணம் சேர்க்க விரும்புவோர்க்கு ஆட்டுக் கிடையும் கோழிப் பண்ணையும் இருக்கின்றன. ஆனால் ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர் கணக்குப் பார்த்தா வளர்க்கிறார்? தம் பாட்டனார் தோட்டத்தில் படுத்திருந்த நாயின் வம்சம் தம் பேரன் தோட்டத்திலும் படுத்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்க்கு இந்தச் செலவு பாரமாகாது.

நமது மண்ணில் பிறந்து, நமது வெயிலைத் தாங்கி, நமது களத்தைக் காத்த ஜாதிகளை அவற்றின் மேனி வெளுப்பை மட்டும் பார்த்து மதிப்பது நன்றிகெட்ட செயலாகும். ஓடும் காலும் கேட்கும் காதும் அறியும் குணமும் உள்ள நாயையே காட்சியில் நிறுத்துவோம் என்று பத்து ஊர்க் குடியானவர்கள் தீர்மானித்துவிட்டால், நடுவர்களின் கண்ணும் நாளடைவில் அவ்வழியே திரும்பும்.